நிறுத்து வைத்த லாட்டு

போன வாரம், சர்வர்களைக் கட்டி மேய்க்கும் உங்களில் ஒருவர் என்னைப் போனில் கூப்பிட்டார். பெயரைச் சொல்லி மானத்தை வாங்கப் போவதில்லை. "மேடம், ரெப்ளிகா நேத்து எரர் அடிச்சு நின்னுருச்சு. ஸ்கிப் பண்ணி விட்டோம். இப்ப சூப்பரா ஓடுது" என்றார். குரலில் அவ்வளவு நிம்மதி. எனக்கு அதற்குப் பிறகு இருப்புக் கொள்ளவில்லை. அடுப்பில் பால் வைத்ததை மறந்து கூடத்துக்கும் வாசலுக்குமாக நடந்துகொண்டிருந்தேன். ஓய்வு பெற்றவள், எனக்கென்ன வந்தது என்று இருந்திருக்கலாம். அப்படி இருந்து எனக்குப் பழக்கமில்லை. பால் பொங்கி அடுப்பெல்லாம் வழிந்ததுதான் மிச்சம்.

அந்த எரிச்சலில்தான் இதை எழுதுகிறேன். ரெப்ளிகா என்கிற பிரதி சர்வரைச் சரிசெய்யும் கட்டளைகளைச் சொல்லித்தரப் போவதில்லை. அவை உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். என் காலத்துக் கட்டளைகள் இன்று எந்த இயந்திரத்திலும் ஓடாது. நான் சொல்லப்போவது ஒரு லாட்டு பேண்டேஜ் துணியின் கதை.

தொண்ணூறுகளின் பின்பாதியில் ராஜபாளையத்தில் ஒரு பேண்டேஜ் கம்பெனியில் கம்ப்யூட்டர் பிரிவைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பிரிவு என்றால் பெரிதாக நினைத்துவிடாதீர்கள். நான், ஒரு ஏ.சி. அறை, அதற்குள் ஒரு சர்வர். ஆபரேஷன் செய்யும்போது வயிற்றுக்குள் வைத்து ரத்தத்தை ஒற்றியெடுக்கும் மெல்லிய துணி இருக்கிறதே, அதுதான் எங்கள் முக்கியமான சரக்கு. தறியிலிருந்து வரும் துணியை வெளுத்து, வெட்டி, மடித்து, ஆவியில் வைத்துக் கிருமி நீக்கிப் பொட்டலம் போடுவோம். ஒரே தடவையில் ஆவியில் வைத்தது ஒரு லாட்டு. பிறகு அது லாட்டு லாட்டாக ஸ்ரீவில்லிபுத்தூர் குடோனுக்குப் போகும். முதலாளிக்கு அங்கே ஒரு பழைய நெல் குடோன் சும்மா கிடந்தது என்பதைத் தவிர அந்த ஏற்பாட்டுக்கு வேறு காரணம் கிடையாது. ஆஸ்பத்திரிகளுக்கு லாரி ஏறுவது அங்கிருந்துதான்.

குடோனிலும் ஒரு சர்வர் வைத்தோம். ராஜபாளையத்து சர்வரில் என்ன எழுதினாலும் அது டெலிபோன் வழியாக அங்கே போய்ப் பிரதியாகும். குடோனில் அதைப் பார்க்கலாம், எழுதக் கூடாது. குடோன்காரர்கள் இரண்டுக்கும் பெயர் வைத்துவிட்டார்கள். ராஜபாளையத்தில் இருப்பவர் இடத்தைவிட்டு அசையாத மூலவர். அவர்களிடம் இருப்பவர் ஊருக்குள் வந்து காட்சி தரும் உற்சவர். எனக்கும் அந்தப் பெயர்கள் பிடித்துத்தான் இருந்தன. அதற்குள் ஒரு வில்லங்கம் இருந்தது பிறகுதான் தெரிந்தது.

இயந்திரங்களைக் கொண்டுவந்து வைத்தவர் மதுரையிலிருந்து வந்த ஓர் இன்ஜினியர். எந்த எரரும் அவருக்கு ஒரு தூசு. மாற்றங்கள் கட்டுக்கட்டாகத்தான் பிரதிக்குப் போகும். ஒரு கட்டில் ஒரே ஒரு வரி அங்கே ஏற்கெனவே இருப்பதோடு முட்டினாலும் பிரதி அங்கேயே நின்று என்ன செய்வது என்று கேட்கும். அப்படிக் கேட்டால் தாண்டிப் போகும் பட்டனை அமுக்கு என்று குடோன் கிளார்க் மாரிச்சாமிக்கு அவர் சொல்லிக் கொடுத்துவிட்டுப் போனார். "ஓடணும் மேடம். ஓடிக்கிட்டு இருந்தா யாரும் நம்மளக் கேக்க மாட்டாங்க" என்று என்னிடமும் கண்ணடித்தார். தாண்டும்போது முட்டிய வரி மட்டும் போகாது, அந்தக் கட்டு முழுவதும் போய்விடும் என்பதை அவர் மாரிச்சாமிக்குச் சொல்லவில்லை. உற்சவரில் எழுதும் வழியை அடைத்துவிடலாம் என்று நான் மேனேஜரிடம் நச்சரித்தேன். ஆத்திர அவசரத்துக்கு இருக்கட்டும் என்று விட்டுவைத்தார்.

ஆடிப்பூரம் வந்தது. ஸ்ரீவில்லிபுத்தூர் தேரைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், அது வீதியில் வர வேண்டுமென்றால் மேலே ஒரு கம்பி இருக்கக் கூடாது. கரண்டு கம்பி, டெலிபோன் கம்பி எல்லாவற்றையும் அவிழ்த்துவிட்டு, தேர் நிலைக்கு வந்த பிறகுதான் திரும்பக் கட்டுவார்கள். எங்கள் குடோன் லைனும் ஒரு தேர் வீதியைக் குறுக்கே கடந்துதான் போகும். முந்தின நாளே லைன் போயிற்று. எதிர்பார்த்ததுதான். மூலவரில் எழுதுவதெல்லாம் வரிசையில் காத்திருக்கும், லைன் வந்ததும் ஓடிவிடும் என்பது ஏற்பாடு.

தேரன்று குடோனுக்கு லீவு. ராஜபாளையத்தில் கம்பெனி ஓடியது. மத்தியானம் லேப் பொறுப்பிலிருந்த எஸ்தர் அக்கா என் அறைக்குள் வந்தார். ஏ.சி. அறைக்குள் செருப்போடு வருபவர் கிடையாது. அன்று வந்தார். கையில் ஒரு கண்ணாடி பாட்டில்.

"ஏட்டி வசந்தா, இதப் பாரு. கலங்கிப் போச்சு."

ஒவ்வொரு லாட்டிலிருந்தும் கொஞ்சம் துணியை எடுத்து சத்துத் தண்ணீர் பாட்டிலில் போட்டு வைப்பார்கள். சில நாள் கழித்தும் தண்ணீர் தெளிந்திருந்தால் துணி சுத்தம். கலங்கினால் உள்ளே ஏதோ உயிரோடு வளர்கிறது என்று அர்த்தம். அவர் கையிலிருந்த பாட்டில் கஞ்சித் தண்ணீர் மாதிரி இருந்தது. ஏழாம் லாட்டு. ஆவிப் பெட்டியின் கதவு ரப்பரில் கசிவு இருந்திருக்கிறது. துணியோ ஏற்கெனவே குடோனுக்குப் போய்விட்டது, முடிவு வரும்வரை அங்கே வைத்திருப்பதுதான் வழக்கம்.

என் கண் முன்னாலேயே மூலவரில் ஏழாம் லாட்டுக்குத் தடை போட்டார். குடோனுக்குப் போன் போட்டுப் பார்த்தார், செத்துக் கிடந்தது. "இன்னைக்கு அங்க ஆளே இல்ல, எல்லாம் வடத்தப் பிடிச்சிட்டு நிப்பாவ. காலையில மொத வேலையாச் சொல்லிருதேன்" என்று போனார். போனவர் திரும்பி வந்து, "இது வயித்துக்குள்ள வைக்கிற துணிட்டி" என்றார், எனக்குத் தெரியாததுபோல.

மறுநாள் காலையில் லைன் வந்தது. புதிதாக முறுக்கிக் கட்டிய கம்பி என்பதால் ஒரே கரகரப்பு. நான் மோடத்தைப் போட்டு சர்வர்களை இணைக்கும் முன்பே எஸ்தர் அக்கா என் அறைப் போனிலிருந்து குடோனைக் கூப்பிட்டார். குடோன் பொறுப்பு ஹவில்தார் அண்ணாச்சியிடம். பட்டாளத்திலிருந்து வந்தவர், எதைச் சொன்னாலும் அப்படியே திருப்பிச் சொல்லிவிட்டுத்தான் போனை வைப்பார். எஸ்தர் அக்கா பேசியதை நானே கேட்டேன். நேரில் எங்களைப் போலப் பேசுபவர், போனை எடுத்தால் மட்டும் ரேடியோவில் செய்தி வாசிப்பவர் போல ஆகிவிடுவார். பாளையங்கோட்டையில் படித்தபோது ஒட்டிக்கொண்ட பழக்கம்.

"அண்ணாச்சி, ஏழாம் லாட்டை நிறுத்தி வையுங்கள். ஆமாம், ஏழு. முழுவதும்."

அந்தப் பக்கம் அவர் திருப்பிச் சொன்னார். எஸ்தர் அக்கா, "ஆமாம், அதேதான்" என்று சொல்லி வைத்தார். முகம் தெளிந்தது. பிறகு நான் மோடத்தைப் போட்டேன். காத்திருந்த மாற்றங்கள் ஒவ்வொரு கட்டாகப் போகத் தொடங்கின.

எனக்குத்தான் சரிப்படவில்லை. அந்த மோடத்தின் வேகம் எனக்கு அத்துப்படி. கரகரக்கும் லைனில் இரண்டு நாள் மாற்றம் போய்ச்சேர மத்தியானம் ஆகும் என்று நினைத்திருந்தேன். கான்டீனில் போய் ஒரு டீ குடித்துவிட்டு வந்தால் வரிசை காலி. 'அனைத்தும் அனுப்பப்பட்டன' என்று திரை சொன்னது. இரண்டு பக்கமும் எத்தனை லாட்டு இருக்கிறது என்று எண்ணிப் பார்த்தேன். ஒன்றுகூட வித்தியாசமில்லை. சந்தோஷப்பட வேண்டிய விஷயம். ஆனால் நான் நாற்காலியில் உட்காருவதும் எழுவதுமாக இருந்தேன். மேனேஜர் எட்டிப் பார்த்துவிட்டு, "என்னம்மா, எல்லாம் ஓடுதுல்ல? பொறவு என்ன, செத்த நேரம் சும்மா இரு" என்று போனார். எஸ்தர் அக்கா வந்து, "தடை போயிருச்சா?" என்றார். போய்விட்டதாகத் திரை சொல்கிறது என்றேன். "நானும் சொல்லிட்டேன், அண்ணாச்சியும் திருப்பிச் சொல்லிட்டாவ" என்றார்.

இங்கே கொஞ்சம் நில்லுங்கள். அந்த நேரத்தில் எனக்கு எத்தனை சாட்சிகள் இருந்தன பாருங்கள். வரிசை காலி என்கிறது. எண்ணிக்கை சரி என்கிறது. போனில் பேசியவர் பேசிவிட்டேன் என்கிறார், கேட்டவர் கேட்டதைத் திருப்பியே சொல்லியிருக்கிறார். என் பக்கம் இருந்தது ஒரு டீ குடித்த நேரம் மட்டும்தான். அதை வைத்துக்கொண்டு யாரிடம் போய் என்ன சொல்வது? சந்தேகத்துக்குக் காரணம் சொல்லத் தெரியவில்லை என்பதற்காகவே அதை விழுங்கிவிட்டவர்கள் நம் தொழிலில் ஏராளம்.

குடோனுக்கு ஒரே லைன். மோடம் ஓடினால் பேச முடியாது. மோடத்தைப் பிடுங்கிவிட்டுப் போனைச் சுழற்றினேன். ஹவில்தார் அண்ணாச்சி எடுத்தார். தடை வந்ததா என்று கேட்டிருந்தால் வந்தது என்றிருப்பார். லாட்டைப் பற்றிச் சொன்னார்களா என்று கேட்டிருந்தால் சொன்னார்கள் என்றிருப்பார். நான் அப்படிக் கேட்கவில்லை. கேட்கும் பொறுமை இல்லை என்பதுதான் நிஜம்.

"அண்ணாச்சி, ஏழாம் லாட்டு இப்ப எங்க இருக்கு?"

"லாரியில இருக்கும்மா."

"லாரியிலயா?"

"ஆமா. எஸ்தரம்மா சொன்னாவல்ல, நிறுத்து வைக்கச் சொல்லி. தராசுல போட்டு, மொத ஆளா நிறுத்து வச்சேன். உற்சவரும் 'அனுப்பத் தயார்'னு காட்டுச்சு. ஏத்தி விட்டாச்சு. இப்பத்தான் வண்டி வெளிய போச்சு."

லாரியில் ஏற்றும் முன் பேல் என்கிற துணிப் பொதிகளைத் தராசில் நிறுப்பது குடோனில் அன்றாட வேலை. 'நிறுத்தி வை' என்று எஸ்தர் அக்கா சொன்னது, கரகரப்பில் 'நிறுத்து வை', அதாவது எடை போட்டு வை என்று அங்கே விழுந்திருக்கிறது. அண்ணாச்சி 'நிறுத்து வைக்கிறேன்' என்று திருப்பிச் சொன்னதை எஸ்தர் அக்கா தன் அர்த்தத்திலேயே கேட்டிருக்கிறார். தடுக்கச் சொன்ன துணி முதல் ஆளாக ஏறிவிட்டது.

எஸ்தர் அக்கா என் பக்கத்தில்தான் நின்றிருந்தார். என் முகத்தைப் பார்த்தே புரிந்துகொண்டார். "எந்தப் பக்கம் போற வண்டி? கேளுட்டி, எந்தப் பக்கம்?" என்று என் தோளைப் பிடித்து உலுக்கினார். கேட்டேன். தென்காசி வழியாகத் தெற்கே போகும் வண்டி. அப்படியென்றால் ராஜபாளையத்தைத் தாண்டித்தான் போக வேண்டும். அவர் அதற்குள் வெளியே ஓடிவிட்டார்.

நானும் ஓடியிருக்க வேண்டும், கால் துடித்தது. ஆனால் போன் என் கையில் இருந்தது. உற்சவர் ஏழாம் லாட்டை 'அனுப்பத் தயார்' என்று காட்டியது என்றாரே, அது எப்படி? மூலவரில் தடை இருப்பதை என் கண்ணால் பார்த்தேன். ஒரு லாட்டில் பொய் சொல்லும் இயந்திரம் இன்னும் எத்தனை லாட்டில் சொல்கிறதோ. அடுத்த வண்டி ஏற்றிக்கொண்டிருப்பார்கள்.

"அண்ணாச்சி, உற்சவரப் பாத்து இனிமே ஒரு பேலக்கூட ஏத்தாதிய. மாரிச்சாமிட்டச் சொல்லித் திரைய அணைச்சிருங்க. நான் வந்து சொல்லுற வரைக்கும் ஒருத்தரும் அதத் தொடக் கூடாது."

"அப்ப வேல அம்புட்டும் நின்னுபோகுமே?"

"நிக்கட்டும்."

மேனேஜர் வாசலில் நின்று இதைக் கேட்டுவிட்டார். "யாரைக் கேட்டு குடோன மூடுன? முதலாளிக்கு யாரு பதில் சொல்றது? ஒரு லாட்டுல தப்புன்னா அந்த லாட்டை மட்டும் சரிபண்ண வேண்டியதுதான?" என்று கத்தினார். நான் சொன்னேன்: "சார், எது தப்புன்னு எனக்குத் தெரியாது. தெரியாத வரைக்கும் அது பேசாம இருக்கிறதுதான் நல்லது." அவரைச் சுற்றிக்கொண்டு வெளியே ஓடினேன். அன்று அவருக்குப் பதில் சொல்ல நின்றிருந்தால் அரைமணி நேரம் போயிருக்கும்.

எஸ்தர் அக்கா லேப் மொபெட்டை உதைத்துக்கொண்டிருந்தார். பின்னால் ஏறினேன். கம்பெனிச் சாலை மெயின் ரோட்டில் சேரும் முக்கில் போய் நின்றோம். எத்தனை லாரி போயின என்று நினைவில்லை. ஒவ்வொன்றும் எங்களுடையதாகவே தெரிந்தது. ஒருவேளை நாங்கள் வருவதற்குள் தாண்டிப் போயிருந்தால்? நான் தென்காசிப் பக்கமும் வில்லிபுத்தூர்ப் பக்கமும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தேன். எஸ்தர் அக்கா உதட்டுக்குள் ஜெபம் சொல்லிக்கொண்டிருந்தார்.

வண்டி வந்தது. நான் கையை ஆட்டினேன். டிரைவர் லிஃப்ட் கேட்கிறோம் என்று நினைத்துக்கொண்டு ஹாரனை அடித்தார். எஸ்தர் அக்கா விறுவிறுவென்று நடுரோட்டுக்குப் போனார். வெள்ளைக் கோட்டோடு இரண்டு கையையும் விரித்துக்கொண்டு, "நிப்பாட்டு! ஏலே, நிப்பாட்டுலே வண்டிய!" என்று அடிவயிற்றிலிருந்து கத்தினார்.

பிரேக் அடித்த சத்தத்தில் முக்கில் இருந்த டீக்கடையே வெளியே வந்துவிட்டது. டிரைவர் இறங்கி, "ஏம்மா, சாவுறதுக்கு என் வண்டிதான் கிடைச்சுதா?" என்று திட்டினார். எஸ்தர் அக்கா ரோட்டிலேயே உட்கார்ந்து அழ ஆரம்பித்துவிட்டார். நானும் அழுதேன். டிரைவர் பயந்துபோய் எங்களுக்கு சோடா வாங்கிக் கொடுத்தார்.

முதலில் ஏற்றிய சரக்கு என்பதால் ஏழாம் லாட்டு வண்டிக்குள் ஆக முன்னால் கிடந்தது. அதை எடுக்க மொத்த லோடையும் எங்கள் முற்றத்தில் இறக்க வேண்டியதாயிற்று. மேனேஜர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஆட்களோடு சேர்ந்து இறக்கினார். அதையும் சொல்லத்தான் வேண்டும்.

பிறகு பஸ் ஏறி குடோனுக்குப் போனேன். விஷயம் விளங்கியது. தேருக்கு முந்தின நாள், லைன் போன பிறகு, கம்பெனியிலிருந்து சரக்கு வந்திருக்கிறது. வந்த லாட்டுகளை மாரிச்சாமி கையால் உற்சவரில் ஏற்றிவிட்டார். அப்படி ஏற்றினால் அந்த இயந்திரம் தானாகவே 'அனுப்பத் தயார்' என்று போட்டுக்கொள்ளும். லைன் வந்ததும் மூலவரிலிருந்து அதே லாட்டுகள் வந்து முட்டின. பிரதி நின்று நின்று கேட்டது. மாரிச்சாமி தாண்டித் தாண்டி விட்டார், வரிசை அவ்வளவு சீக்கிரம் காலியானது அதனால்தான். தாண்டிய கட்டுகளில் ஒன்றில் எஸ்தர் அக்கா போட்ட தடையும் போயிற்று. போனவற்றுக்குப் பதில் கையால் ஏற்றியவை இருந்ததால் எண்ணிக்கை மட்டும் பிசகவில்லை.

"நீ எதுக்குய்யா அதுல எழுதுன?" என்று கேட்டேன்.

மாரிச்சாமிக்குக் கண் கலங்கிவிட்டது. "உற்சவருக்கு அர்ச்சன பண்ணுனா மூலவருக்குப் போயிரும்லக்கா? கோயில்ல அப்படித்தான?"

எனக்குக் கோபம் வந்தது, சிரிப்பும் வந்தது. பெயர் வைத்தபோது நாங்கள் எல்லோரும் சேர்ந்துதான் ரசித்தோம். ஹவில்தார் அண்ணாச்சிதான் மனசு உடைந்துபோயிருந்தார். "திருப்பிச் சொன்னேம்மா. அவிய ஆமான்னாவ. நான் வேற என்ன செய்யணும்?" என்று திரும்பத் திரும்பக் கேட்டார். அவர் செய்ய வேண்டியது ஒன்றும் பாக்கி இல்லை. அதை அவரிடம் சொன்னேன், அவர் நம்பினாரா தெரியாது. அன்றிலிருந்து எங்கள் இரண்டு ஊருக்கும் நடுவே போனில் 'நிறுத்து' என்ற வார்த்தையே கிடையாது. ஒன்று 'நிப்பாட்டு', இல்லையென்றால் 'எடை போடு'. எஸ்தர் அக்காவும் போனில் செய்தி வாசிப்பதை விட்டுவிட்டார்.

நான் திரும்பி வந்தபோது சாயங்காலம். எஸ்தர் அக்கா ஏழாம் லாட்டை பாய்லர் அடுப்பில் போட்டு எரித்துக்கொண்டிருந்தார். ஆட்களை நம்பாமல் கடைசிப் பொட்டலம் கருகும்வரை தானே நின்று பார்த்தார். முடித்துவிட்டு, கோட்டில் கரியும் தலையில் சாம்பலுமாக என் அறைக்கு வந்து உட்கார்ந்தார்.

"மோடத்தப் போடு. அதுகிட்டக் கேளு, ஏழாம் லாட்டு எங்க இருக்குன்னு."

குடோனில் திரையைத்தான் அணைத்திருந்தோம், சர்வர் ஓடிக்கொண்டிருந்தது. கேட்டேன். மோடம் செத்த நேரம் முனகிவிட்டுப் பதிலைக் கொண்டுவந்தது. லாட்டு ஏழு. குடோன், மூன்றாவது வரிசை. அனுப்பத் தயார்.

எஸ்தர் அக்கா தலைமுடியிலிருந்து ஒரு சாம்பல் துணுக்கை எடுத்து உள்ளங்கையில் வைத்துப் பார்த்தார். பிறகு திரையைப் பார்த்தார். நான் ஒட்டுவேலை எதுவும் பார்க்கவில்லை. மறுநாள் மூலவரை முழுதாக டேப்பில் எடுத்து மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் போய், உற்சவரை அடியோடு அழித்துவிட்டுப் புதிதாக ஏற்றினேன். கையால் எழுதும் வழியையும் அடைத்தேன், இந்த முறை மேனேஜர் தடுக்கவில்லை.

போன வாரம் கூப்பிட்ட தம்பியிடமும் நான் ஒன்றுதான் கேட்டேன். "தாண்டி விட்டீங்களே, அந்தக் கட்டுல என்ன இருந்துச்சு?" பார்த்துவிட்டுச் சொல்கிறேன் என்று வைத்தார். நேற்றுவரை கூப்பிடவில்லை. தம்பி, இதைப் படித்தால் முதலில் நிப்பாட்டு. பொறவு என்னைக் கூப்பிடு.